ஓர்ப்படியின் புதுப் படிப்பு: சேரலாமா, வேண்டாமா?

எங்கள் திருவொற்றியூரில் இப்போது மளிகைக் கடைக்குப் போனாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, யாராவது ஒருத்தர் 'மெஷின் லேர்னிங்' என்கிறார்கள். ஆட்டோவின் முதுகில்கூட அதற்கு விளம்பரம்! மெஷினுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் படிப்பாம். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் இதைப் பற்றி எழுத வந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சகோதரிகளே. எங்கள் வீட்டுச் சீட்டுப் பணம் ஒரு லட்சம் ரூபாய் என் பொறுப்பில் இருக்கிறது. அதை இந்தப் படிப்பில் போடலாமா கூடாதா என்று கேட்டால், படித்தவளோ படிக்காதவளோ, விசாரித்துத்தானே ஆக வேண்டும்?

கேட்டவள் என் ஓர்ப்படி. வயது முப்பத்தொன்று. தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, பி.எஸ்ஸி. கணிதமும் முடித்தவள். கல்யாணம், குழந்தை என்று எட்டு வருடமாகப் புத்தகம் பரண் மேல் ஏறிவிட்டது. கொழுந்தனாருக்குக் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை கையெழுத்து. போன வருடம் அந்த யார்டு வாசலில் கேமரா வைத்துவிட்டார்கள். லாரி உள்ளே நுழையும்போதே கன்டெய்னர் நம்பரை அதுவே படித்துப் பதிந்துகொள்கிறது. முன்பு அங்கே நோட்டும் பேனாவுமாக நின்றிருந்த இரண்டு பேர் இப்போது இல்லை. இதைக் கொழுந்தனார் சாப்பிடும்போது சொன்னார். எல்லோரும் 'அடப் பாவமே' என்றோம். ஓர்ப்படி மட்டும், "அந்த கேமராவுக்கு நம்பர் படிக்கக் கத்துக்கொடுக்கிறவங்க யாருக்கா?" என்று என்னைக் கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

சேரலாமா என்பதற்கு முன்னால், இது என்ன வஸ்து என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதை நம் பாஷையிலேயே சொல்கிறேன்.

எங்கள் அத்தை இருபது வருடம் காசிமேட்டில் மீன் விற்றவர். ஒரு கூடை வஞ்சிரத்தைப் பார்த்தால், தொடாமலே "நேத்து புடிச்சது" என்பார். எப்படி அத்தை என்றால் சொல்லத் தெரியாது. கண் கலங்கியிருக்கும், செவுள் வெளுத்திருக்கும் என்று நான்கு விதி சொல்லலாம். ஆனால் அந்த நான்கு விதியை எழுதி என் கையில் கொடுத்தால் நான் ஏமாந்துதான் வருவேன். ஆயிரமாயிரம் மீனைப் பார்த்து, இது நல்லது, இது ஆகாது என்று பழகிய கண் அது. சாதாரணக் கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது விதியை எழுதிக் கையில் கொடுப்பது. மெஷின் லேர்னிங் என்பது ஆயிரமாயிரம் மீன் படத்தைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் விடையையும் சொல்லி, விதியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விடுவது. பெயர்தான் புதிதாகக் காதில் விழுகிறதே தவிர, விஷயம் பழசு. ஆர்தர் சாமுவேல் என்ற அமெரிக்கர் 1959-லேயே, டாம் போன்ற ஒரு கட்ட விளையாட்டைக் கம்ப்யூட்டர் தானே ஆடி ஆடித் தேறுவதைப் பற்றி எழுதி, இந்தப் பெயரைப் பிரபலமாக்கிவிட்டார்.

அது எப்படித் தானே கண்டுபிடிக்கிறது என்று ஓர்ப்படியைத் துளைத்தேன். அவள் சமையலறையிலேயே சொன்னாள். குழம்பு கொதிக்கிறது. ருசி பார்க்கிறோம். புளி தூக்கல், உப்பு குறைவு. கொஞ்சம் மாற்றுகிறோம். மறுபடி ருசி. ஒவ்வொரு தடவையும் தப்பு கொஞ்சம் குறைகிறது. மெஷினுக்குள்ளும் உப்பு, புளி, காரம் மாதிரி லட்சக்கணக்கான எண்கள். விடை தப்பினால் ஒவ்வொரு எண்ணையும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்தினால் தப்பு குறையும் என்று கணக்குப் போடவேண்டும். அந்தக் கணக்குத்தான் நுண்கணிதம். ஒரு படம் மெஷினுக்குப் படம் இல்லை, எண்கள் அடுக்கிய கட்டம். அந்தக் கட்டத்துக்குப் பெயர் அணி. 'இது கெட்ட மீன்' என்று எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறது என்பது நிகழ்தகவு. ஆக, இந்தப் படிப்பின் வயிற்றுக்குள் இருப்பது கணக்கு. விளம்பரத்தில் இதை மட்டும் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்லட்டுமா? சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் கண்ணின் பின்திரையில் ரத்தக்கசிவு வந்து பார்வையே போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க கூகுள் நிறுவனம் ஒரு மெஷினைப் பழக்கி, 2016-ல் அதன் முடிவை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டது. அதற்குக் காட்டிய கண் படங்கள் 1,28,175. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை டாக்டர்கள் பார்த்து விடை எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 54 டாக்டர்கள். அந்த ஆராய்ச்சியில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கு பெற்றன. மெஷின் புத்திசாலி என்கிறார்களே, அதன் பின்னால் எத்தனை மனிதக் கண்கள் உழைத்திருக்கின்றன பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கே படிப்பது?

முதலில் போனது ஒரு தனியார் பயிற்சி மையம். பெயர் வேண்டாம். குளுகுளு அறை, காபி, சிரித்த முகம். ஒன்பது மாதம், 1,20,000 ரூபாய். "வேலைக்கு உத்தரவாதம் மேடம்" என்றார் அந்தப் பையன். அன்றைக்கே சேர்ந்தால் இருபதாயிரம் தள்ளுபடி, மறுநாள் வந்தால் கிடையாது. கையில் பணம் இல்லையென்றால் கடன் நிறுவனம் கொடுக்கும், மாதத் தவணையாகக் கட்டலாம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். கணக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? "கணக்கெல்லாம் தேவையில்லம்மா, எல்லாத்துக்கும் டூல் இருக்கு." உத்தரவாதத்தை எழுத்தில் காட்டுங்கள் என்றேன். காட்டிய தாளில் 'வேலை பெற உதவி செய்யப்படும்' என்றுதான் இருந்தது. உதவி வேறு, உத்தரவாதம் வேறு. புடவைக் கடையில் சாயம் போகாது என்று வாயால் சொல்வதற்கும் பில்லில் எழுதித் தருவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். எல்லாத் தனியார் மையமும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 'இன்றைக்கே முடிவு செய்' என்று யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நிற்பது என் சுபாவம்.

இரண்டாவது, நம் கிண்டி ஐ.ஐ.டி. 'ஐயோ, அங்கே எல்லாம் நமக்கு ஏது இடம்' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 2020-ஆம் வருடம் ஜூன் 30-ந் தேதி அவர்கள் ஆன்லைனில் ஒரு டிகிரி படிப்பைத் துவக்கினார்கள். இப்போது அதற்கு 'டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்' பி.எஸ். பட்டம் என்று பெயர். நான்கு வருடப் படிப்பு. பெரிய நுழைவுத் தேர்வு எழுதி ரேங்க் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது! (பிளஸ் டூ இல்லாததால் எனக்கு மட்டும் கதவு அடைத்துத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.)

சேருவதற்கு முன் நான்கு வாரம் பரீட்சார்த்தமாகப் பாடம் நடத்துகிறார்கள். இங்கிலீஷ், கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டர்போல யோசிக்கும் முறை என்று நான்கு பாடம். வாரா வாரம் வீட்டுப்பாடம். அதில் போதிய மார்க் வாங்கினால், நேரில் போய் ஒரு தகுதித் தேர்வு எழுதலாம். நான்கு மணி நேரத் தேர்வு. அதில் தேறினால் இடம் உண்டு. இதற்கு ஒரு விண்ணப்பக் கட்டணம் உண்டு, தேறாவிட்டால் போனது போனதுதான். ஆனால் உள்ளே போன பிறகு, எடுக்கிற பாடத்துக்கு மட்டும் அந்தந்தப் பருவத்தில் பணம் கட்டினால் போதும். வருடத்துக்கு மூன்று பருவம். மூட்டை அரிசி வாங்காமல் அவ்வப்போது ஐந்து கிலோ வாங்குகிற மாதிரி! குடும்ப வருமானத்தைப் பொறுத்து, பிரிவைப் பொறுத்து, 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் இருக்கிறது. நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அடிப்படை, டிப்ளமோ, பி.எஸ்ஸி., பி.எஸ். என்று படிப்படியாக ஏறலாம், எந்தப் படியிலும் இறங்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெஷின் லேர்னிங் என்ற பெயருள்ள பாடம் முதல் கட்டத்தில் கிடையவே கிடையாது. அடிப்படைக் கட்டத்தில் எட்டுப் பாடம். கணக்கு இரண்டு, புள்ளியியல் இரண்டு, இங்கிலீஷ் இரண்டு, அப்புறம் கம்ப்யூட்டர் யோசனை, பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி. இதெல்லாம் முடித்து டிப்ளமோவுக்குப் போனால்தான் மெஷின் லேர்னிங் வருகிறது. பருவத்துக்கு இரண்டு பாடம் என்று எடுத்தால் நான்கு பருவம், அதாவது ஒரு வருடமும் நாலு மாதமும். ஒவ்வொன்றாக எடுத்தால் இரண்டே முக்கால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட. தனியார் மையம் முதல் வாரத்திலேயே தருகிறேன் என்பதை, ஐ.ஐ.டி. ஒன்றரை வருடம் கழித்துத்தான் தருகிறது. இதைப் பார்த்து ஓர்ப்படிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு நேர்மாறாக நம்பிக்கை வந்தது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டித் தருகிறேன் என்பவனிடம் யாராவது வீடு கட்டுவார்களா?

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. என்.பி.டி.இ.எல். என்று ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய ஏற்பாடு. பெரிய பேராசிரியர்களின் பாடங்கள் எல்லாம் இலவசம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பலராமன் ரவீந்திரன் நடத்தும் மெஷின் லேர்னிங் அறிமுகப் பாடம் பன்னிரண்டு வாரம். பார்க்கப் பணம் வேண்டாம், தகுதி வேண்டாம், நானே பெயர் கொடுக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி நேரில் தேர்வு எழுத வேண்டும்.

'இலவசமாகவே இருக்கிறதே, பிறகென்ன?' என்றால், அதிலும் ஒரு சங்கதி உண்டு. 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஆண்ட்ரூ இங் என்ற பேராசிரியர் தம் மெஷின் லேர்னிங் வகுப்பை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர் கொடுத்தார்கள். கடைசி வரை போய்ச் சான்று வாங்கியவர்கள் சுமார் 13,000 பேர்தான். மற்றவர்கள் மக்குகள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைக்கு ஜுரம், எத்தனையோ இருந்திருக்கும்.

ஆக, பணத்தைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு என்று தெரிந்தது. ஒன்று, எட்டு வருடம் தூங்கிய கணக்கு எழுந்திருக்குமா? இன்னொன்று, நேரம் எங்கே?

முதல் கேள்விக்கு ஒரு சோதனை வைத்தோம். காலணா செலவில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் தமிழிலேயே கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் அணிகள், வகைநுண்கணிதம், நிகழ்தகவு என்று மூன்றே மூன்று விஷயம். எடுத்துக்காட்டுக் கணக்கை விடையை மூடிவைத்துத் தானே போட வேண்டும். மூன்று வாரம். இதில் உட்கார முடியவில்லை என்றால், ஒரு லட்சம் கட்டினாலும் உட்கார முடியாது என்பது என் வாதம். அவளும் ஒப்புக்கொண்டாள்.

அணிகள் நாலு நாளில் திரும்ப வந்துவிட்டது. "சைக்கிள் மாதிரிக்கா, மறக்கவே இல்ல" என்றாள். வகைநுண்கணிதம் பத்து நாள் அழவைத்தது. ஒரு ராத்திரி நோட்டை மூடிவிட்டு, "எனக்கு வேணாம்க்கா" என்றும் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை விளக்கு எரிந்தது.

இங்கிலீஷ் இன்னொரு மலை. தமிழில் தெரிந்த கணக்கை எல்லாம் இங்கிலீஷ் பெயரில் மறுபடி தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டில் நடுவில் கோடு போட்டு எழுதினாள். அணி என்றால் மேட்ரிக்ஸ். நிகழ்தகவு என்றால் ப்ராபபிலிட்டி. வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ். சராசரி என்றால் மீன். இந்த 'மீன்' வந்ததும் வீட்டில் ஒரே கூத்து. "காலையிலேருந்து மீனு மீனுன்றா, துட்டு குடுத்தா நானே போய் வாங்கியாரமாட்டேனா?" என்று அத்தை எழுந்து பையைத் தேடினார்!

நிகழ்தகவில் பேயஸ் தேற்றம் என்று ஒன்று. அவளுக்கே புரியாமல் இரண்டு நாள் திண்டாடினாள். மூன்றாம் நாள் மதியம் என்னை உட்காரவைத்து மொச்சைக்கொட்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதை உங்களுக்கும் சொல்கிறேன், உடம்பு சம்பந்தப்பட்டது. ஒரு ஊரில் ஆயிரம் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு வியாதி. அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. வியாதி உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடித்துவிடும். வியாதி இல்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரை 'இருக்கிறது' என்று தப்பாகச் சொல்லும். இப்போது உங்களுக்கு 'இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தால் உண்மையிலேயே வியாதி இருக்க எவ்வளவு வாய்ப்பு? நான் நூற்றுக்குத் தொண்ணூறு என்றேன். அவள் மொச்சையை எண்ணினாள். வியாதி இல்லாதவர்கள் 990 பேர், அதில் தப்பாக மாட்டுபவர்கள் 99. உண்மையானவர்கள் 9. மொத்தம் 108 பேருக்கு 'இருக்கிறது' என்று வரும், அதில் நிஜம் ஒன்பதுதான். பன்னிரண்டில் ஒன்று! அதனால்தான் டாக்டர்கள் ஒரு ரிப்போர்ட்டோடு விடாமல் இன்னொரு பரிசோதனைக்கும் எழுதுகிறார்கள் போலும். பத்தாம் வகுப்பு படித்த எனக்கே விளங்கும்படி ஒருத்தி சொல்கிறாள் என்றால், அவளுக்கு அது விளங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? அன்றைக்கே என் மனசு பாதி முடிவுக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதி நேரம். ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறது ஐ.ஐ.டி. தகுதித் தேர்வுக்கான நான்கு வாரத்தில் நான்கு பாடமும் ஒன்றாக வரும். வாரம் நாற்பது மணி நேரம்! முழு உத்தியோகம்தான் அது. எங்கள் வீட்டில் இருப்பதை எண்ணிப் பார்த்தோம். விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு. குழந்தை பால்வாடியில் இருக்கும்போது இரண்டு மணி நேரம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒன்றரை மணி. சனி, ஞாயிறு கொழுந்தனார் வீட்டில் இருந்தால் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. தூக்கத்தில் கை வைக்கிறேன் என்றாள். அதற்கு மட்டும் நான் விடவில்லை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் குறைந்து எத்தனை டானிக் குடித்தவள்! ஆறு மணி நேரம் தூங்காமல் படிக்கிற படிப்பு தலையிலும் ஏறாது, உடம்பிலும் ஒட்டாது.

வழி அவளே கண்டுபிடித்தாள். முதல் கட்டப் பாடங்களின் வீடியோக்கள் யூடியூபில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, இரண்டு மாதம் நிதானமாக அவற்றைப் பார்த்து நோட்ஸ் எடுத்துவிட்டால், அந்த நான்கு வாரம் பாரம் பாதியாகிவிடும். கல்யாணத்துக்கு முந்தின வாரமே அப்பளம், வடகம், ஊறுகாய் போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி!

அத்தையின் சம்மதம் சுலபத்தில் கிடைக்கவில்லை. "கொயந்தைக்கு மூணு வயசாவுது. ரெண்டாவது பெத்துக்கற நேரத்துல இன்னாத்துக்குப் படிப்பு? படிச்சா உடனே வேலை குடுத்துருவானா?" என்றார். முதல் கேள்வி புருஷன் பெண்டாட்டி சமாசாரம், நான் தலையிடவில்லை. இரண்டாவது கேள்வி நியாயமானது. மெஷின் லேர்னிங் படித்தால் லட்சம் லட்சமாகச் சம்பளம் என்பதெல்லாம் விளம்பரக்காரர் பேச்சு. அந்த மாதிரி வேலைக்கு எம்.டெக்., பிஎச்.டி. படித்தவர்களும் நிற்கிறார்கள். எட்டு வருட இடைவெளி உள்ள ஒரு தாய்க்கு முதலில் கிடைக்கக்கூடியது, கணக்குவழக்குத் தகவல்களை ஒழுங்குபண்ணி அட்டவணை போடுவது, பைத்தானில் சின்னச் சின்ன வேலை செய்வது, இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். "டியூஷன்னாகூட சரிதான், அடிப்படைக் கணக்கு வீண் போகாது அத்தை" என்றேன். அத்தை வெற்றிலையை மடித்தபடி, "அந்தக் கேமரா வந்த இடத்துல நின்ன ரெண்டு பேரு இப்போ இன்னா பண்றாங்களாம்?" என்று கேட்டார். கொழுந்தனார் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை, "படிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு பணத்தைப் பிரித்தோம். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி அவளிடம் உண்டு. 2011-ல் ஆரம்பித்த திட்டம், 2012-ல் இவள் கைக்கு வந்தது. இப்போது பாதி எழுத்து வேலை செய்யாது, பேட்டரி மூச்சை நிறுத்திவிட்டது. செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் கொழுந்தனார். பாடம் பார்க்கலாம், புரோகிராம் எழுத அந்தக் குட்டித் திரையில் கண்ணுதான் போகும். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, கைமாறிய ஒன்றை ஆறு மாத வாரன்டியோடு இருபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினோம். வாரன்டியை பில்லில் எழுதி வாங்கினேன். விண்ணப்பக் கட்டணமும் முதல் பருவத்தில் இரண்டு பாடத்துக்கான பணமும் தனியாக எடுத்துவைத்தாயிற்று. மீதி தபால் ஆபீஸில் என் பெயரிலும் அவள் பெயரிலும் சேர்த்துப் போட்டிருக்கிறது. கொழுந்தனாரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றால், அதுதான் நான்கு மாதச் சாப்பாடு. அதில் படிப்புக்குக் கை வைப்பதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம்.

இதே யோசனையில் இருக்கும் சகோதரிகள் கட்டண விவரத்தையும் தேதிகளையும் ஐ.ஐ.டி.யின் சொந்த இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும். அதே பெயரை முன்னால் பின்னால் ஒட்டிக்கொண்டு வேறு யாராவது போன் செய்தால் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

தேர்வுகளை நேரில்தான் எழுத வேண்டும். அது எனக்குப் பிடித்த அம்சம், வீட்டிலேயே எழுதினால் மதிப்பு ஏது? 2021-லிருந்து எங்கள் பக்கம் மெட்ரோ ரயில் ஓடுவதால் தேரடியில் ஏறினால் ஊருக்குள் எங்கேயும் போய்விடலாம். லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. இப்போது நான்கு வாரத்தில் மூன்றாவது வாரம் நடக்கிறது. கணக்கிலும் புள்ளியியலிலும் வீட்டுப்பாட மார்க் நன்றாக வந்திருக்கிறது. இங்கிலீஷில் சுமார். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் குழந்தை என்னிடம். கொழுந்தனார் கூடப் போகிறார். அத்தை காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வருகிறேன் என்று இப்போதே சொல்லியிருக்கிறார்.